நோயுற்ற மனங்களின் நண்பர் புனித இறை யோவான்

செவிலியர் பணி என்றதும் கைவிளக்கு ஏந்திய நைட்டிங்கேல் அம்மையாரே நம் நினைவுக்கு வருவார். அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்னரே வாழ்ந்து, செவிலியரின் பாதுகாவலராகத் திகழும் ஒருவர், ஒரு காலத்தில் பைத்தியக்காரர் என்று கட்டிவைத்து அடிக்கப்பட்டவர்! அவரே புனித இறை யோவான்.

1495-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டில் பிறந்த இவர், எட்டு வயதில் பெற்றோரைப் பிரிந்தார். ஸ்பெயின் நாட்டில் ஆடு மேய்த்தார், போர்வீரரானார், பின்னர் கிரனடா நகரில் புத்தகம் விற்றார். நாற்பது வயதைக் கடந்த நிலையில், அவிலா யோவான் அடிகளாரின் மறையுரையைக் கேட்டுத் தம் கடந்த வாழ்வை எண்ணித் தாளாத துயரில் மூழ்கினார். தலைமயிரைப் பிய்த்துக்கொண்டு தெருக்களில் அழுது திரிந்தார். அவரை அரச மருத்துவமனையில் அடைத்தனர். கைகால்களைக் கட்டிச் சாட்டையால் அடிப்பதே அந்நாளைய வைத்தியம்!

அடி அவரைத் தேற்றவில்லை; அடிகளாரின் அன்பான அறிவுரையே தேற்றியது. தம்முடன் அடிபட்டோரைக் கண்ட யோவான், அத்தகையோரை அன்போடு பேண ஓர் இல்லம் அமைக்க உறுதி பூண்டார். வெளியே வந்ததும் ஏழை நோயாளிகளைச் சேர்த்துப் பேணினார். கொடுப்பவர் தமக்கே நன்மை செய்துகொள்கிறார் என்று கூவி, இரவில் தெருத்தெருவாகப் பிச்சை எடுத்தார். 1549-இல் அரச மருத்துவமனை தீப்பற்றியபோது, தாம் அடிபட்ட அதே இடத்திற்குள் ஓடி நோயாளிகளைக் காப்பாற்றினார். 1550 மார்ச் 8-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1690-இல் புனிதர் பட்டம் பெற்றார்; 1930-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் இவரைச் செவிலியரின் பாதுகாவலராக அறிவித்தார்.

அன்புத் தோழியரே! சாட்டை மறைந்துவிட்டது, ஆனால் சுடுசொல் மறைந்துவிட்டதா? காலொடிந்தவரைத் தாங்கும் கைகள், மனச்சோர்வுற்றவரைச் சோம்பேறி என்றும் நடிப்பவர் என்றும் ஒதுக்குவதுண்டு. மனச்சோர்வு சோம்பலன்று, விசுவாசக் குறைவுமன்று. அது மருந்தாலும் ஆற்றுப்படுத்தலாலும் குணமாகக்கூடிய நோய். உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரை நாட வேண்டும். சாக நினைக்கிறீர்களா என்று பரிவுடன் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டாது. உயிர்காக்கும் உதவிக்கு அது வழி திறக்கும்.

நம் சென்னையிலேயே 1794-இல் மனநோயாளிகளுக்கென ஒரு காப்பகம் தொடங்கியது. அதுவே இன்றைய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. மனநோயாளியும் மாண்புடன் நடத்தப்பட வேண்டும் என்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உரிமையாக்கியுள்ளது. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கிறது.

சடையங்குப்பத்திலும் எண்ணூரிலும் இருந்து வரும் நம்மில் எத்தனையோ பேர் நாளை வெள்ளுடை அணியப் போகிறோம். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கும் நோயாளியின் அருகில், இரண்டு நிமிடமேனும் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்போம். இறை யோவானுக்கு நாம் செலுத்தும் வணக்கம் அதுவே!