ரமாபாய் ரானடே அம்மையார்

சாங்கிலிப் பகுதியில் தேவராஷ்டிரே என்னும் சிற்றூரில் பிறந்த ரமாபாய், 1873இல், தமது பதினோராம் வயதில், நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயை மணந்து புனே நகர் புகுந்தார். அன்று அவர் எழுத்தறியார். கணவரே ஆசிரியராகி, மராத்தியும் பின்னர் ஆங்கிலமும் கற்பித்தார். பெண் படிப்பது குடிக்கு இழுக்கென்று வீட்டுப் பெண்டிரே ஏசினர். அம்மையார் எதிர்மொழி கூறாது பொறுத்தார். ஆயினும் ஏட்டைக் கீழே வைத்தாரில்லை.

1901இல் கணவரை இழந்தார். துயரை அடக்கித் தொண்டில் இறங்கினார். 1909இல் புனேயில் சேவா சதனம் கண்டு, கைம்பெண்களும் ஏழை மகளிரும் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் தலைநிமிர வழிசெய்தார். 1924இல் மறைந்தார்.

ஏச்சினிடையே தாம் பெற்ற கல்வியை ஏனையோர் ஏச்சின்றிப் பெறச் செய்தார் அவர். பிழைப்பை நாடி இந்நகர் வந்த நாமும், கற்றும் கூடியும் வாழ்ந்தாலன்றோ இது நம் ஊராகும்!