மேசைத் துணியை அகற்றிய வித்தகர்

ஹூடினி என்னும் மாயவித்தைக்காரரின் பெயரை அறியாதார் அரியர். அப்பெயர் எவரைப் போற்றிச் சூட்டிக்கொள்ளப்பட்டதோ, அந்தப் பிரெஞ்சு தேசத்து ராபர்ட் ஹூடினை நம்மில் அறிந்தோர் சிலரே.

1805ஆம் ஆண்டு புளுவா நகரில் கடிகாரத் தொழிலாளி ஒருவரின் மைந்தராய்ப் பிறந்த அவர், தாமும் அத்தொழிலையே கைக்கொண்டார். நாற்பதாம் அகவையை நெருங்கும் வரை கடிகாரங்களும் பொறிப் பொம்மைகளும் செய்து வாழ்ந்தார். பின்னர் 1845 ஜூலை 3ஆம் நாள், பாரிஸின் பலே ருவாயலில் ஏறத்தாழ 200 பேர் அமரத்தக்க சிற்றரங்கு ஒன்றைக் கடன்பெற்றுத் திறந்தார்.

அந்நாளில் வித்தைக்காரரின் மேசைகள் தரைவரை துணி தொங்கும் பெரும் பெட்டிகளாகவே இருந்தன. உள்ளே உதவியாள் ஒளிந்திருப்பான் என்பதை அவையோரும் ஊகித்தனர். ஹூடின் அத்துணியைக் களைந்தார். மெல்லிய கால்கள் வெளியே தெரியும் சிறு மேசைகளை அமைத்தார். கடிகாரச் சக்கரங்களில் பழகிய அவர் கரம் அம்மேசைகளில் பொறிகளைப் புகுத்தியது. மறைப்பதற்கு இடமே இல்லை என்று அவை நம்பியது, வித்தை வென்றது.

1870ஆம் ஆண்டு பிரஷ்யப் போரில் மைந்தரை இழந்தார். அத்துயர் ஆறுமுன், 1871 ஜூன் 13ஆம் நாள் மறைந்தார்.

நம் சங்க மேடையில் வித்தை காட்ட விழையும் இளைஞர்க்கு நாம் ஒன்று கூறுவோம். விலையுயர்ந்த மேசை வேண்டா. ஒரு பலகை, நான்கு மெல்லிய கால்கள், பின்புறத்தே அவையோர் கண்ணிற்படாத சிறு தட்டு ஆகியவை போதும். அவற்றுடன் பலநாட் பயிற்சியும் சேருமாயின், பட்டுத்துணி தரமாட்டாத நம்பிக்கையை அவ்வெளிய மேசை தரும்.