எதிரொலியைப் பிடித்த மனுஷன்

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரே சண்டை. காசு சேர்த்து வாங்கிய டிலே பெடலை அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிப் போட்டுவிட்டான். கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டி அது. வாசித்த சத்தத்தைக் கொஞ்சம் தாமதமாகத் திருப்பிச் சொல்லும், மலையில் கத்தினால் கேட்குமே அதுபோல. உள்ளே பி.டி.2399 என்று ஒரு சிப். அதன் 6ஆம் காலில் இருக்கும் ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் தாமதம் நீளும். அங்கே திருகி மாற்றுகிற ரெசிஸ்டர் வைக்கணும் என்பது அண்ணனின் ஆசை. நல்லா இருக்கிற பொருளை ஏன் பிரிக்கணும் என்று அம்மா கேட்டார்கள். அதற்குப் பதில் தேடியபோதுதான் எனக்கு லெஸ் பால் கிடைத்தார்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வாகேஷா என்ற ஊரில் 1915 ஜூன் 9 அன்று பிறந்தார். சின்னப் பையனாக இருந்தபோதே சட்டை மாட்டும் கம்பியை வளைத்து, கழுத்தில் மவுத் ஆர்கன் மாட்ட ஒரு தாங்கி செய்தார். கிடார் சத்தம் பத்தவில்லை என்று ரிக்கார்டு பிளேயர் ஊசியை ரேடியோ ஸ்பீக்கரோடு இணைத்துப் பெரிதாக்கினார். பிறகு நாலு அங்குலக் கட்டையில் தந்தி கட்டி ஒரு மின்சார கிடார் செய்தார். அதற்கு மரக்கட்டை என்றே பெயர்! கிப்சன் கம்பெனி முதலில் சிரித்தது. 1952இல் அதே கம்பெனி அவர் பெயரிலேயே கிடார் விற்றது.

1948 ஜனவரியில் கார் விபத்து. வலது முழங்கை நொறுங்கிவிட்டது. கை இனி மடங்காது என்ற நிலை. சரி, கிடார் பிடிக்கிற கோணத்திலேயே வைத்துக் கட்டுங்கள் என்று டாக்டர்களிடம் கேட்டுக்கொண்டார். படிக்கும்போது எனக்கே கை வலித்தது.

1949இல் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்கு ஓர் ஆம்பெக்ஸ் டேப் ரிக்கார்டரைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய பொருள்! நாமாக இருந்தால் துணி போட்டு மூடி வைப்போம். அவர் சும்மா இருப்பாரா? கூடுதலாக ஒரு ஹெட்டைப் பொருத்தினார். அழிக்கும் ஹெட்டுக்கு முன்னாலேயே அது பழைய இசையைப் படித்துவிடும். பழையதும் இப்போது வாசிப்பதும் சேர்ந்து அதே டேப்பில் புதிதாகப் பதியும். ஒரே ஆள் பல கிடார் வாசிக்கலாம்!

ஆனால் பழையது அந்த நிமிடமே அழிந்துவிடும். ஏழாவது தடவையில் ஒரு விரல் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். ஒவ்வொரு பதிவிலும் சத்தம் கொஞ்சம் மங்கும் என்பதால், முக்கியமில்லாத பகுதிகளை முதலிலும் முக்கியமானதைக் கடைசியிலும் பதித்தார். மனைவி மேரி ஃபோர்டின் குரலையும் இப்படியே அடுக்கினார். 1951இல் இருவரும் வெளியிட்ட ஹவ் ஹை தி மூன் பாட்டு ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது.

எதிரொலியும் இதே டேப்பில்தான். பதியும் ஹெட்டைத் தாண்டிக் கேட்கும் ஹெட் இருக்கிறது. இடைவெளி 2 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால் சத்தம் சுமார் 0.13 விநாடி தாமதமாக வரும். அதை மறுபடி பதியும் ஹெட்டுக்கே அனுப்பினால் எதிரொலி மேல் எதிரொலி. அண்ணனின் பெடலில் டேப் இல்லை. சத்தம் எண்களாக மாறி, நினைவகத்தில் காத்திருந்து வெளியே வருகிறது. ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் சிப்பின் கடிகாரம் மெதுவாகும். டேப்பை மெதுவாக ஓட்டுகிற மாதிரிதான். ரொம்ப மெதுவானால் கரகரப்பு கூடும்.

வயதான காலத்தில் மூட்டுவாதத்தால் அவருடைய விரல்கள் சரியாக மடங்கவில்லை. அப்போதும் திங்கட்கிழமை இரவுகளில் நியூயார்க் இரிடியம் கிளப்பில் வாசித்தார். 2009 ஆகஸ்ட் 12 அன்று, 94 வயதில் இறந்தார்.

அண்ணனின் பெடல் என்ன ஆச்சு என்கிறீர்களா? முதல் தடவை சால்டர் சரியாகப் பிடிக்காமல் ஊமையாகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டில் யாரும் பேசவில்லை. மறுநாள் திரும்ப வைத்தான். பேசியது, கொஞ்சம் கரகரவென்று. அம்மா இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்கள்.