நொண்டும் குதிரைக்கு நண்பர்

தில்லியில் படிக்கும் நமக்குப் பூசா என்ற பெயர் புதிதன்று. அங்குள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1905-இல் பீகாரிலுள்ள பூசா என்னும் ஊரில் தோன்றியது. 1934-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்து, 1936-இல் ஊர்ப்பெயருடன் தில்லி வந்து சேர்ந்தது. அந்தப் பழைய பூசாவில் அதற்கு முன் இருந்தது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் குதிரைப் பண்ணை. அதை நடத்திய வில்லியம் மூர்கிராப்டின் வரலாற்றைப் படித்தபோது, வியப்போடு சிறிது நாணமும் கொண்டேன். காரணத்தை முடிவில் சொல்கிறேன்.

மூர்கிராப்ட் 1767-இல் இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் பிறந்தார். லிவர்ப்பூலில் அறுவை மருத்துவம் பயின்றுவந்த காலத்தில் மாடுகளிடையே கொள்ளைநோய் பரவியது. அவர் செய்த சிகிச்சையின் திறத்தைக் கண்ட நிலக்கிழார்கள், கால்நடை மருத்துவம் கற்கப் பிரான்சிலுள்ள லியோனுக்கு அவரை அனுப்பினர். திரும்பி வந்து லண்டனில் குதிரை மருத்துவமனை நடத்தினார்.

குதிரை நொண்டும், எங்கே வலிக்கிறது என்று சொல்லாது. தோளில் குற்றம் என்று எண்ணித் தோளில் சூடு போடுவார்கள். குற்றமோ குளம்பில் இருக்கும். மூர்கிராப்டின் கருத்து குளம்பின்மேல் சென்றது. 1800-இல் லாடம் கட்டும் முறைகளைப் பற்றி நூல் வெளியிட்டார். இயந்திரத்தால் லாடம் செய்ய முயன்று பொருளும் இழந்தார். தீராத நொண்டிக்குக் குளம்பின் உணர்வு நரம்பை அறுக்கும் முறையை முதலில் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர். குதிரை நடந்தது, வலி போயிற்று. நோய் மட்டும் குளம்பிலேயே தங்கிற்று!

இன்று 160 கிலோமீட்டர் வரை நடக்கும் நெடுந்தூரக் குதிரைப் பந்தயங்களில், கட்டந்தோறும் மருத்துவர் குதிரையை ஓடவிட்டுப் பார்க்கிறார். விலக்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை நொண்டியாலேயே விலக்கப்படுகின்றன. விலக்கிய காரணமும் பதிவாகிறது. நரம்பறுத்த குதிரைக்கு அங்கே இடமில்லை. வலியை உணராத கால் தன்னையே அழித்துக்கொள்ளும் அன்றோ?

1808-இல் இந்தியா வந்து பூசாப் பண்ணையைச் சீர்திருத்தினார் மூர்கிராப்ட். நல்ல இனக்குதிரை வேண்டும் என்ற ஆவலும் உந்த 1812-இல் துறவி வேடம் பூண்டு மானசரோவரம் வரை சென்றார். 1820-இல் லடாக்கின் லே நகரையும், 1825 பிப்ரவரியில் புகாராவையும் அடைந்தார். சென்ற வழியெல்லாம் கண்டதைக் கண்டவாறு எழுதிவைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 27-இல், திரும்பும் வழியில், அந்த்கூய் என்னுமிடத்தில் காய்ச்சலால் மாண்டார். குறிப்புகள் பிழைத்தன; 1841-இல் நூலாயின.

இனி என் நாணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்ற பருவத்தில், வரைகோட்டில் சேராத ஒரு புள்ளியை என் ஆய்வுக் குறிப்பேட்டிலிருந்து அழித்தேன். கோடு அழகாக அமைந்தது, மதிப்பெண்ணும் வந்தது. நான் செய்ததும் நரம்பறுத்த வேலைதான். மூர்கிராப்டாவது ஓர் உயிரின் வேதனையைத் தணிக்க அறுத்தார். நான் என் வசதிக்காக அறுத்தேன். அந்தப் புள்ளி ஏன் விலகி நின்றது என்பதை இனி நான் அறிய வழியில்லை. இப்போது எந்தப் புள்ளியையும் அழிப்பதில்லை. பக்கத்தில் தேதியிட்டுக் குறித்துவைக்கிறேன்.