ரட்ஜ் பைக்கில் தொடங்கி ரூ.2,000 கார் வரை: யார் இந்த ஜி.டி.நாயுடு?

கோவை அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. நீள மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. ஜி.டி.நாயுடு பெயரை வைத்ததும் சோஷியல் மீடியாவில் ஒரே சண்டை. தெருப் பெயர்களில் இருந்து சாதியை எடுக்கச் சொல்லும் அரசே பாலத்துக்கு இப்படிப் பெயர் வைக்கலாமா என்று ஒரு தரப்பு, ஊருக்கே தெரிந்த பெயரை எப்படி வெட்டுவது என்று இன்னொரு தரப்பு. இந்தக் களேபரத்தில், அந்த மனுஷர் அப்படி என்னதான் செய்தார் என்பதைப் பேசத்தான் ஆளில்லை.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23-ல் கோவை அருகே கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். படிப்பு ஏறவில்லை. ஆரம்பப் பள்ளியோடு சரி.

அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது ஒரு பைக். ஊருக்கு வந்த வெள்ளைக்கார வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். மாடும் குதிரையும் இழுக்காமல் தானாக ஓடும் வண்டியைப் பார்த்த பையனுக்கு அதற்குமேல் தூக்கம் வரவில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்து, காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். நாமாக இருந்தால் முதலில் ஒரு ரவுண்டு போயிருப்போம். அவர் மொத்தமாகக் கழற்றிப் போட்டார், திரும்பவும் பூட்டினார். மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

இன்ஜின் படிக்க ஒற்றை சிலிண்டர் வண்டியைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பார்க் பிளக். எதை மாற்றினால் என்ன ஆகிறது என்று உடனே காதுக்குக் கேட்கும். ரட்ஜ் ஃபோர் ஸ்ட்ரோக் வகை. டூ ஸ்ட்ரோக் இன்னும் எளிது. பெரும்பாலானவற்றில் வால்வே இருக்காது, சிலிண்டர் சுவரில் உள்ள துளைகள்தான் அந்த வேலையைச் செய்யும். மாடல் விமானங்களில் பூட்டும் குட்டி டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் புகை வெளியேறும் துளையின் மேல் விளிம்பைக் கொஞ்சம் ராவி உயர்த்தினால் அதிக வேகத்தில் சக்தி கூடும்; குறைந்த வேகத்தில் இழுவை குறையும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று போகும் என்பது கையில் அரம் பிடித்தவர்களுக்குச் சீக்கிரம் புரிந்துவிடும். நாயுடுவுக்கும் அப்படித்தான் புரிந்தது.

1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., அங்கே பிறந்தது. சில ஆண்டுகளில் பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது.

ஆனால் கொங்கு மண்ணுக்கு அவர் செய்த பெரிய காரியம் பஸ் இல்லை, மோட்டார். 1937-ல் பீளமேட்டில் இருந்த அவருடைய நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் தயாரானது. கூடவே உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு. காலம் கச்சிதமாகப் பொருந்தியது: பைக்காரா மின்சாரம் ஏற்கெனவே வந்துவிட்டது, மேட்டூர் அணை மின்நிலையமும் அதே 1937-ல் ஓடத் தொடங்கியது. சேலம், நாமக்கல் பக்கத்து மேட்டுக்காட்டில் ஆழக் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்துதான் வெள்ளாமை. உள்ளூரில் மோட்டார் செய்ய முடியும் என்றானது அந்த விவசாயிகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, கிணற்றடியில் நின்றவர்களிடம்தான் கேட்க வேண்டும். இன்று நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறார்கள், திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் ரிக் நாடு முழுக்கப் போகிறது. பட்டறையில் நின்று தொழில் கற்கிற அந்தப் பழக்கத்துக்கு நாயுடு ஒரு முன்னத்தி ஏர்.

பிறகு வந்தவை வரிசையாக: பேட்டரியில் ஓடும் ரசந்த் ஷேவிங் ரேசர், மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் சுழலும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941-ல் அறிவித்தார்.

1952-ல் வந்தது இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார். விலை 2,000 ரூபாய். டாடா நானோ மேடையேறிய 2008-க்கு 56 வருஷம் முன்னாடி! ஆனால் அது லைசென்ஸ் காலம். எந்தத் தொழிற்சாலை எதைச் செய்யலாம் என்பதை டெல்லி முடிவு செய்யும் சட்டம் 1951-ல் நிறைவேறி, அடுத்த வருஷமே அமலுக்கு வந்திருந்தது. கார் தயாரிக்க ஒரு சில கம்பெனிகளுக்குத்தான் கதவு திறந்தது. நாயுடுவுக்கு அனுமதி கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. கார் மோசம் என்று வாங்கியவர்கள் ஒதுக்கியிருந்தால் அது வேறு கதை. வாங்கிப் பார்க்கும் வாய்ப்பே யாருக்கும் வரவில்லை.

அரசோடு அவருக்கு ஒத்துப்போனதே இல்லை, வெள்ளைக்காரன் காலத்திலும்தான். 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் தொடங்கக் காரணமாக இருந்தார். அடுத்து உருவான பொறியியல் கல்லூரிக்கு அவரே முதல் முதல்வர். பள்ளியைத் தாண்டாதவர் இன்ஜினீயரிங் காலேஜ் பிரின்சிபால்! நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கணக்கு. அரசு ஏற்கவில்லை, பதவியை விட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. வரிகள் மீதான கோபத்தில், தான் செய்த பொருட்களையே மக்கள் முன்னால் போட்டு உடைத்த சம்பவமும் உண்டு. அதை வீரம் என்றவர்களும் உண்டு, வீம்பு என்றவர்களும் உண்டு. கொஞ்சம் வீம்புதான்.

1974 ஜனவரி 4-ல் காலமானார். அவர் சேகரித்த பொருட்களும் கருவிகளும் இருக்கும் அருங்காட்சியகம் அதே அவிநாசி சாலையில்தான், புதுப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது.