உள்ளத்தின் திறவுகோல்: ஜான் லில்பர்ன் சரிதம்

பேழையின் திறவுகோலை ஒருவன் மடியில் வைத்திருப்பானாயின், அதனை வலியப் பறித்துக்கொள்ளலாம். அவன் நினைவிலேயே அஃது உறையுமாயின், அவன் வாயைத் திறப்பித்தலன்றி வேறு வழியில்லை. இக்காலத்தார் தம் கடிதங்களையும் கணக்குகளையும் மறையெழுத்தாக்கி, கணினியிலும் கைப்பேசியிலும் ஒரு மறைச்சொல்லால் பூட்டிவைக்கின்றனர். அச்சொல்லை வெளியிடுமாறு அரசு ஒருவனைக் கட்டாயப்படுத்தலாமோ என்பது இன்று பல நாடுகளிலும் வழக்காடப்படும் வினா. இதன் வேரை நாடுவோர், தமக்கெதிராகத் தம் வாயைத் திறக்க மறுத்துத் துன்புற்ற ஜான் லில்பர்ன் என்னும் ஆங்கிலேயரின் சரிதத்தை அறிதல் வேண்டும்.

லில்பர்ன் 1614-ஆம் ஆண்டையொட்டிப் பிறந்தார். இளமையில் இலண்டன் மாநகரில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பயின்றார். அத்தியட்சர்களைக் கண்டிக்கும் நூல்களை ஒல்லாந்து தேசத்தில் அச்சிடுவித்துக் கொணர்ந்தார் என்று குற்றஞ்சாட்டி, 1637 டிசம்பரில் அவரைச் சிறைப்படுத்தினர். அவரை விசாரித்த மன்றம் ஸ்டார் சேம்பர் எனப்படுவது. அங்கே நிற்போர், வினாக்கள் யாவை என்று அறியுமுன்னரே, எல்லாவற்றிற்கும் மெய்யாக விடையிறுப்பதாய் ஆணையிடல் வேண்டும். ஆணையிட்டு மெய் உரைப்பின் தண்டனை; பொய் உரைப்பின் பாவம்; வாளாவிருப்பின் மன்ற அவமதிப்பு. இம்முப்புறக் கண்ணியில் சிக்க லில்பர்ன் உடன்படவில்லை. ஆணையிட மறுத்தார்.

அதன் பயனாக 500 பவுன் அபராதமும் கசையடியும் விதிக்கப்பட்டன. 1638 ஏப்பிரல் 18-ஆம் நாள், வண்டியின் பின்னே கட்டப்பெற்று, ஃப்ளீட் சிறையினின்று வெஸ்ட்மின்ஸ்டர் வரை அடியுண்டு சென்றார். பின்னர்த் தொழுமரத்தில் நிறுத்தப்பட்டும் கூட்டத்தாரை நோக்கிப் பேசினார். ஆதலின் அவர் வாயை அடைத்தனர். பேசென்று வருத்தியவர்களே பேசாதேயென்று வாயடைத்த விந்தையை என்னென்பது!

1640-இல் கூடிய பாராளுமன்றம் அவரை விடுவித்தது. மறு ஆண்டே ஸ்டார் சேம்பர் ஒழிக்கப்பட்டது. லில்பர்ன் பாராளுமன்றத்தின் படையிற் சேர்ந்து போர் புரிந்தார். எனினும், வென்ற கட்சியார் அநீதி இழைப்பினும் அவர் பொறுத்தாரல்லர். 1649-இல் இராசத்துரோக வழக்கில் நின்றபோது, அவர் எழுதியதாகச் சொல்லப்பட்ட நூலைக் காட்டி வினவினர். அக்கையெழுத்தைத் தமதென்று ஒப்பவும் அவர் மறுத்தார். மெய்ப்பிக்கும் கடன் குற்றஞ்சாட்டியவர்க்கே உரியதென்பது அவர் துணிபு. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவரென்றனர். 1653-இலும் அவ்வாறே விடுதலைத் தீர்ப்புப் பெற்றும், அரசு அவரைச் சிறையிலேயே வைத்தது. 1657 ஆகஸ்டு 29-ஆம் நாள் எல்தம் என்னும் ஊரில் உயிர்நீத்தார்.

அவர் காத்த நெறி, 1791-இல் அமெரிக்க அரசியற் சட்டத்தின் ஐந்தாம் திருத்தத்திலும், 1950-இல் நம் அரசியற் சட்டத்தின் 20(3)-ஆம் உறுப்பிலும் இடம்பெற்றது. ஆயினும் அவர் பிறந்த நாட்டிலேயே, மறைச்சொல்லைக் கேட்டுப் பெற அதிகாரம் அளிக்கும் சட்டம் 2000-இல் இயற்றப்பட்டது; அப்பகுதி 2007-இல் நடைமுறைக்கு வந்தது. மறுப்போர்க்கு இரண்டாண்டு வரையும், தேசப் பாதுகாப்பு வழக்குகளில் ஐந்தாண்டு வரையும் சிறை. மறைச்சொல் ஒருவனுடைய விருப்பத்தைச் சாராது தனித்து நிற்கும் பொருளேயென்று 2008-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் கூறிற்று. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டமும், மறையெழுத்தை விடுவிக்க உதவாதார்க்கு ஏழாண்டு வரை சிறை விதிக்கின்றது.

பூட்டின் பின்னே கொடியோரும் ஒளிவர் என்பது மெய்யே. அரசின் அச்சம் வீணன்று. எனினும், குற்றத்தைத் துருவி நிறுவுதல் ஒன்று. குற்றஞ்சாட்டப்பட்டவனின் நினைவையே அவனுக்கெதிரே சாட்சியாக்குதல் மற்றொன்று. நண்பர்காள்! இவ்விரண்டையும் பிரிக்கும் கோட்டை எங்கே இடுவது என்று ஆராய்வோர், வெஸ்ட்மின்ஸ்டர் வீதியில் அடியுண்டு நடந்த அவ்விளைஞரை மறவாதிருப்பாராக.