யார் இந்த ஜானகி அம்மாள்? அணையில் மூழ்கவிருந்த காட்டுக்காக 80 வயதில் களமிறங்கிய விஞ்ஞானி!

மலைப்பகுதியில் அணை, சுரங்கம், நான்குவழிச் சாலை என எந்தத் திட்டம் வந்தாலும், கூடவே ஒரு சமாதானமும் வரும். வெட்டுற மரத்துக்கு ஈடா வேற இடத்துல மரம் நட்டுடலாம் என்பதுதான் அது. கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா ஒரு காடு என்பது மரங்களின் எண்ணிக்கை மட்டும்தானா?

இந்தக் கேள்வி நாட்டையே உலுக்கியது 1970களின் இறுதியில், கேரளாவின் சைலன்ட் வேலி விவகாரத்தில். அப்போது களத்தில் நின்றவர்களில் ஒருவர், வாழ்நாள் முழுக்கச் செடிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தே பழகிய ஒரு பெண் விஞ்ஞானி. பெயர் இ.கே.ஜானகி அம்மாள்.

தலச்சேரி டு மிச்சிகன்

1897 நவம்பர் 4ஆம் தேதி, அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் பிறந்தார். அப்பா துணை நீதிபதி. வீட்டில் பெரிய தோட்டம், நிறைய புத்தகங்கள், நிறைய சகோதர சகோதரிகள். செடிகள் மேல ஆர்வம் வந்தது அங்கேதான்.

சென்னை ராணி மேரி கல்லூரியில் படிப்பு. 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ். பிறகு சென்னை பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. பெண்கள் பள்ளிப் படிப்பைத் தாண்டுவதே அபூர்வமாக இருந்த காலம் அது. அப்போது பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1931இல் டாக்டர் பட்டம். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

கோவையில் என்ன செய்தார்?

இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர் என்று இவரைப் பற்றி ஒரே வரியில் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையம் 1912லேயே தொடங்கிவிட்டது. இனிப்பு அதிகமுள்ள வகையோடு காட்டுக்கரும்பைக் கலந்து புதிய ரகங்களும் வந்துவிட்டன. 1934இல் அங்கே சேர்ந்த ஜானகி அம்மாள், அந்தக் கலப்பு எப்படி நடக்கிறது என்பதை குரோமோசோம் அளவில் ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம், மூங்கில் போன்ற வேறு புல் இனங்களோடும் கலந்து பார்த்தார்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. காட்டுக்கரும்பு என்பது ஆற்றோரம் நாணல் மாதிரி மண்டிக் கிடக்கும் புல். பார்த்தால் எதுக்கும் உதவாதுன்னு தோணும். ஆனா நோயையும் வறட்சியையும் தாங்கும் சக்தி அதுக்குத்தான் இருக்கு. அந்தப் புல்லிலும் இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கை மாறும். ஒரு பகுதியில் 40, இன்னொரு பகுதியில் 64, வேறு நாடுகளில் 100க்கும் மேல். அதாவது, பெயர் ஒன்றுதான் என்றாலும் ஓரிடத்துச் செடி இன்னோர் இடத்துச் செடிக்கு ஈடாகாது.

குண்டுமழையில் ஆராய்ச்சி

1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போன நேரத்தில் உலகப் போர் தொடங்கியது. இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். குண்டுவீச்சுகளுக்கு நடுவே லண்டன் அருகே ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் வேலை. சி.டி.டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்த புத்தகத்தை 1945இல் வெளியிட்டார். அடுத்து விஸ்லி தோட்டத்தில் வேலை பார்த்தார். ஒரு மக்னோலியா ரகத்துக்கு இவர் பெயரே வைக்கப்பட்டது.

எரிந்துபோன ஒற்றை மரம்

1951இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு தரப்பட்டது. பஞ்சம் பற்றிய பயம் போகாத நேரம். உணவு உற்பத்தியைப் பெருக்க நாடு முழுக்க நிலங்கள் உழவுக்குத் திருத்தப்பட்டன. அதில் காடுகளும் போயின.

ஒருமுறை அபூர்வமான ஒரு மக்னோலியா மரத்தைத் தேடி ஷில்லாங்கில் இருந்து 37 மைல் பயணம் செய்தார். அந்த வட்டாரத்தில் அந்த இனத்துக்கு இருந்தது அந்த ஒரு மரம்தான். போய்ப் பார்த்தால் எரிந்து கிடந்தது. இந்தச் சம்பவத்தை டார்லிங்டனுக்குக் கடிதத்தில் எழுதினார்.

1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்று பேச ஒரு சர்வதேசக் கருத்தரங்கு நடந்தது. அதில் அழைக்கப்பட்ட ஒரே பெண் ஜானகி அம்மாள். பழங்குடி மக்களின் தாவர அறிவைப் பதிவு செய்வதிலும் அவர் அக்கறை காட்டினார்.

சைலன்ட் வேலியில் என்ன பிரச்சனை?

பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரியை ஒட்டி இருக்கிறது சைலன்ட் வேலி மழைக்காடு. நடுவே ஓடும் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி மின்சாரம் எடுக்க 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. முதலில் 120 மெகாவாட் மின்சாரம், கூடவே பாசனம், வேலைவாய்ப்பு. பின்தங்கிய மலபார் பகுதிக்கு இதெல்லாம் நிஜமான தேவை. அதனால் அணையை ஆதரித்தவர்களை வில்லன்களாகப் பார்க்க முடியாது.

மூழ்கப்போவது சுமார் 8.3 சதுர கிலோமீட்டர். மொத்தக் காட்டில் பத்தில் ஒரு பங்குதானே என்பது ஆதரவாளர்களின் வாதம். ஆனா மூழ்குவது ஆற்றங்கரைக் காடு. அணை வந்தால் சாலை வரும், குடியிருப்பு வரும், மிச்சக் காடும் துண்டாகும். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத சோலைமந்திக்கும் அது வீடு.

80 வயதில் எடுத்த கணக்கு

அப்போது ஜானகி அம்மாள் சென்னையை அடுத்த மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1977இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயது 80ஐ நெருங்கியிருந்தது. ஓய்வெடுக்கும் வயதில், சைலன்ட் வேலி மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கினார்.

அது என்ன கணக்கு? மரத்தின் மொட்டு போன்ற இளம் பாகத்தை எடுத்து, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, ஒவ்வொரு செல்லிலும் எத்தனை குரோமோசோம் என்று எண்ணுவது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும் மரங்களின் வம்ச வரலாறு அதில்தான் தெரியும். காடு தண்ணீருக்குள் போவதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவரது அவசரம்.

போராட்டம் அவரால் மட்டும் ஜெயிக்கவில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி, விஞ்ஞானி எம்.எஸ்.சுவாமிநாதன் எனப் பலர் குரல் கொடுத்தார்கள். எம்.ஜி.கே.மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்தது. 1983இல், இந்திரா காந்தி பிரதமராக இருந்தபோது, திட்டம் கைவிடப்பட்டது.

1984 பிப்ரவரி 7ஆம் தேதி மதுரவாயலில் ஜானகி அம்மாள் காலமானார். அதே ஆண்டு நவம்பரில் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இடையில் ஒன்பது மாதம்தான். அவர் அதைப் பார்க்கவில்லை.

ஹாட்ஸ்பாட் என்றால் என்ன?

பல்லுயிர் ஹாட்ஸ்பாட் என்ற சொல்லே அதற்குப் பிறகு, 1988இல் நார்மன் மையர்ஸ் அறிமுகப்படுத்தியது. இதற்கு இரண்டு நிபந்தனைகள்:

* வேறெங்கும் இல்லாத தாவர இனங்கள் குறைந்தது 1,500 இருக்க வேண்டும்.
* இயற்கையான தாவரப் பரப்பில் 70 சதவீதமாவது ஏற்கெனவே அழிந்திருக்க வேண்டும்.

ஆக, இது பெருமைப் பட்டியல் மட்டுமல்ல, ஆபத்துப் பட்டியலும்கூட. உலகில் இப்படி 36 இடங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் சேர்ந்து அதில் ஒன்று.

இன்றைக்கு என்ன நிலை?

2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் சேர்ந்தன. சைலன்ட் வேலியும் அதில் உண்டு. இன்னொரு பக்கம், 2000களில் அதே குந்திப்புழாவில் பாத்ரக்கடவு என்ற பெயரில் மறுபடியும் அணைத் திட்டம் பேசப்பட்டது. மலை முழுவதையும் சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதியாகக் கருதச் சொன்னது 2011 காட்கில் குழு அறிக்கை. அடுத்து வந்த கஸ்தூரிரங்கன் குழு அதை சுமார் 37 சதவீதமாகக் குறைத்தது. எவ்வளவு பாதுகாப்பது, எங்கே அனுமதிப்பது என்ற விவாதம் ஓயவில்லை.

உங்க ஊர்ப் பக்கத்து மலைக்கு அடுத்த திட்டம் வரும்போது, எத்தனை மரம் வெட்டுவார்கள் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அங்கே என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்று கணக்கெடுத்தார்களா, எடுத்தது யார், எந்தப் பருவத்தில் என்றும் கேளுங்கள். மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் இதைக் கேட்க உங்களுக்கும் இடம் உண்டு.